“போன் வைத்திருக்கிறாள், நாப்கினுக்குக் காசில்லையா?” என்று கேட்பவர்களுக்கு

கேள்வி இது: “எங்கள் பல்கலைக்கழக மாணவர் பேரவையில் கழிவறைகளில் இலவச நாப்கின் வைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தோம். ‘எல்லார் கையிலும் போன் இருக்கிறது, நாப்கின் வாங்கவா காசில்லை?’ என்று ஒரே கேள்வியில் மடக்கிவிட்டார்கள். மாதவிடாய் வறுமை, அதாவது மாதவிடாய்ப் பொருள் வாங்கக் காசில்லாத நிலை, மாணவிகளிடம் உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால், திட்டத்தை எப்படி அமைத்தால் ஆறு மாதத்தில் செத்துப்போகாமல் இருக்கும்?”

ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பல வருடம் மருத்துவராக இருந்தவள் நான். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

போன் கேள்வியைக் கேட்டவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. வறுமை என்றால் கையில் எதுவுமே இல்லாத நிலை என்று நினைத்துக் கேட்கிறார். மாணவியின் வறுமை அப்படி இருக்காது. அவளுக்கு வகுப்பு அறிவிப்பு, வங்கி, வீட்டோடு பேச்சு எல்லாமே போன்தான். ரீசார்ஜ் தீர்ந்தால் மறுநாளே ஊருக்குத் தெரியும். விடுதிக் கட்டணம் கட்டாவிட்டால் அறிவிப்புப் பலகையில் பெயர் வரும். நகல் எடுக்கக் காசில்லை என்றால் வகுப்பில் தெரிந்துவிடும். நாப்கினைக் குறைத்தால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் ஏதாவது ஒன்றை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், யார் கண்ணிலும் படாததில்தான் முதலில் கை வைப்போம். நீங்களும் நானும்கூட அப்படித்தான்.

அவள் நாப்கினே வாங்காமல் இருப்பதில்லை. வாங்கியதை இழுத்துப் பிடிக்கிறாள். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒரு நாளைக்கு நாலைந்து, ஐந்து நாளைக்கு இருபதுக்கு மேல். எட்டு இருக்கும் ஒரு பாக்கெட் இரண்டு நாள் தாங்காது. அந்த எட்டை ஐந்து நாளுக்குப் பங்கு போட்டால் என்ன ஆகும்? காலையில் வைத்தது மாலை வரை. மேலே டிஷ்யூவை மடித்து வைப்பது, அது நனைந்ததும் டிஷ்யூவை மட்டும் எடுத்துப் போடுவது. இரண்டாம் நாள் வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே இருந்துவிடுவது. அறையில் என்றால் பழைய துணியே போதுமே. “தலைவலி, வரவில்லை” என்று தோழிக்கு ஒரு செய்தி. வருகைப் பதிவேட்டில் அது தலைவலியாகவே பதிவாகும்.

எண் கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். அமெரிக்காவில் 471 இளங்கலை மாணவிகளிடம் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2021-இல் வெளியானது. கடந்த ஓராண்டில் மாதவிடாய்ப் பொருள் வாங்க முடியாமல் திண்டாடியதாக 14.2 சதவீதம் பேர் சொன்னார்கள். மாதாமாதம் அதே நிலை என்று மேலும் 10 சதவீதம் பேர். மாதாமாதம் திண்டாடியவர்களில் மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தவர்கள் 68.1 சதவீதம், அந்தக் கஷ்டமே இல்லாதவர்களில் 43.4. நாப்கின் இல்லாததால்தான் மனச்சோர்வு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பணமில்லாதவளுக்கு நாப்கின் ஒன்றா கவலை? ஆனால் பணக்கார நாட்டின் பல்கலைக்கழகத்திலேயே நாலில் ஒருத்தி என்றால், “நம் வளாகத்தில் யாரும் அப்படி இல்லை” என்று பேரவையில் சொல்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

இன்னொன்று வலி பற்றியது. 38 ஆய்வுகளைச் சேர்த்து, 21,573 இளம்பெண்களின் தரவை வைத்து 2019-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. பள்ளி மாணவிகள், பல்கலைக்கழக மாணவிகள் இரு தரப்பும் அதில் உண்டு. 71 சதவீதம் பேருக்கு மாதவிடாய் வலி. ஐந்தில் ஒருத்தி அதனால் வகுப்புக்கே போகவில்லை. ஐந்தில் இருவருக்கு வகுப்பில் கவனமோ படிப்போ பாதிக்கப்பட்டது. நாடு பணக்கார நாடா ஏழை நாடா என்பதால் வலியின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் அதில் பார்த்தார்கள்.

ஏட்டை மூடிவிட்டு, நான் தவறவிட்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

இரண்டாம் வருட மாணவி ஒருத்தி வந்தாள். “எப்போதும் தூக்கமாக வருகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, டானிக் ஏதாவது கொடுங்கள்” என்றாள். வழக்கம்போல் மாதவிடாய் பற்றிக் கேட்டேன். ஐந்து நாள். ஒரு நாளைக்கு எத்தனை பேட்? “ரெண்டு.” இரண்டு என்றால் குறைவான போக்கு என்று நானே எழுதிக்கொண்டேன். தூக்கம், படிப்புச் சுமை, சரியாகச் சாப்பிடாதது என்று அறிவுரை சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்பினேன். ஹீமோகுளோபின் 7.6 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 8-க்குக் கீழே என்றால் கடுமையானது. திரும்ப அழைத்து உட்கார வைத்து, கேள்வியை மாற்றிக் கேட்டேன்: “கையில் நிறைய இருந்தால் எத்தனை மாற்றுவாய்?” கொஞ்சம் யோசித்தாள். “ஒன்பது… பத்து இருக்கும் டாக்டர். ஆனா அவ்வளவு இருக்காதே.”

எத்தனை பேட் என்று கேட்டு ரத்தப்போக்கை அளப்பது எங்கள் தொழிலில் காலங்காலமாக இருக்கிற வழக்கம். எண்ணி எண்ணிப் பயன்படுத்துகிறவளிடம் அந்தக் கேள்வி பொய் சொல்லும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் சொன்ன எண்ணிக்கை அவள் பையில் இருந்த பாக்கெட்டின் கணக்கு. உடம்பின் கணக்கு வேறு. அதற்குப் பிறகு இந்தக் கேள்வியை நான் பழையபடி கேட்டதே இல்லை.

அவள் கதையில் இன்னொரு முடிச்சும் உண்டு. போக்கு அதிகமாக இருப்பவளுக்குச் செலவும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. பணமில்லை என்று அவள் இழுத்துப் பிடிப்பதால் போக்கு அதிகம் என்பதே வெளியே தெரிவதில்லை. சிகிச்சை தள்ளிப்போகிறது, இரும்புச்சத்து மேலும் கரைகிறது, மூளை மந்தமாகிறது, மதிப்பெண் இறங்குகிறது. வறுமையும் நோயும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் “நாப்கின் பிரச்சினை வேறு, உடல்நலப் பிரச்சினை வேறு” என்று பேரவையில் யாராவது பிரித்துப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். அவளுக்குக் காரணத்தைத் தேடி, ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரையும் இரும்புச்சத்தும் கொடுத்தோம். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறியது. நாப்கின் செலவு பாதியானதும் அதோடு நடந்தது.

எது சாதாரணம், எது இல்லை என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே பலரும் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விவரம். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை சுமார் 24 முதல் 38 நாள் வரை இருக்கலாம். கடிகாரம் மாதிரி 28 நாளில்தான் வர வேண்டும் என்பதில்லை. மொத்தமாகப் போகும் ரத்தம் பெரும்பாலும் 30, 40 மில்லிலிட்டர்தான்; 80-ஐத் தாண்டினால் அதிகம். யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நனைந்து வழிகிறதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, இரண்டரை சென்டிமீட்டரைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் போகின்றனவா, எட்டு நாளைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரிடம் போக வேண்டும். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாகிறது, சின்ன அடிக்கே கன்றிப்போகிறது என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம். மூன்று மாதமாக வரவே இல்லை என்றால் “பரீட்சை டென்ஷன்” என்று விட்டுவிட வேண்டாம். மன அழுத்தமும் காரணமாக இருக்கலாம்தான். திடீர் எடைக் குறைவு, தைராய்டு, கர்ப்பம், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று வேறு காரணங்களும் வரிசையில் நிற்கின்றன.

வலி விஷயத்தில் ஒரு பிழையைப் பலரும் செய்கிறார்கள். தாங்க முடியாத கட்டம் வரும்வரை பொறுத்துவிட்டுப் பிறகு மாத்திரை போடுகிறார்கள். கர்ப்பப்பையின் உள்சுவர் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் தசையை முறுக்கி வலியை உண்டாக்குகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு வருவதும் அதனால்தான். இபுபுரூஃபன், மெஃபனாமிக் அமிலம் போன்றவை அது உற்பத்தியாவதையே தடுக்கும். சுரந்து குவிந்த பிறகு தடுத்து என்ன பயன்? ரத்தம் தலைகாட்டியவுடன், அல்லது வரப்போகிறது என்று தெரிந்தவுடன், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் அதே மாத்திரை இரண்டு மடங்கு வேலை செய்வதுபோலத் தெரியும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இந்த வகை மாத்திரையால் மூச்சிரைப்பு வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. சூடான ஒத்தடத்தைக் கைவைத்தியம் என்று தள்ளாதீர்கள், அது உண்மையிலேயே உதவும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் இரண்டு மூன்று சுற்றுக்கு வலி அடங்கவில்லை, மாதவிடாய் இல்லாத நாளிலும் அடிவயிறு வலிக்கிறது, மலம் கழிக்கும்போது வலிக்கிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இனப்பெருக்க வயதில் இருப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. கண்டுபிடிக்கவே வருடக்கணக்கில் ஆகிறது. “எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே” என்ற வாக்கியத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்த வாக்கியத்தை மருத்துவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன்.

சரி, உங்கள் திட்டம்.

முதலில் எப்படிச் செய்யக்கூடாது என்று சொல்கிறேன். எங்கள் மையத்திலேயே இலவச நாப்கின் இருந்தது. அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம். மேசை மேல் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று: பெயர், வகுப்பு, பதிவு எண், எண்ணிக்கை, கையெழுத்து. மேசைக்குப் பின்னால் பெரும்பாலும் ஆண் உதவியாளர். முன்னால் காய்ச்சலுக்கு வந்த பையன்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த நோட்டில் ஒரு வருடத்தில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. நிர்வாகம் அதைப் பார்த்துவிட்டு, “தேவை இல்லை போலிருக்கிறதே” என்று ஒதுக்கீட்டைக் குறைத்தது. அதே வருடம்தான் அந்த 7.6 பெண் வந்தாள். இலவசம் இருப்பது அவளுக்குத் தெரியும். “அந்த நோட்டுல எழுதணுமே” என்றாள், அவ்வளவுதான்.

திட்டங்கள் சாகிற இடம் இதுதான். பொருளுக்கு விலை இல்லை, கேட்பதற்கு விலை இருக்கிறது. பணம் குறைவாக இருப்பவளுக்குத்தான் அந்த இரண்டாவது விலை மிக அதிகமாகத் தெரியும். காசு போடும் இயந்திரமும் ஏறக்குறைய இதே கதைதான்: சில்லறை இருக்காது, இருந்தால் இயந்திரம் விழுங்கிவிடும், இல்லாவிட்டால் உள்ளே காலியாக இருக்கும். (திறப்பு விழாப் புகைப்படத்தில் மட்டும் நிறைந்திருக்கும்.)

ஸ்காட்லாந்து இந்த விஷயத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. 2018-லேயே பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மோனிகா லெனான் என்ற ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 2020 நவம்பரில் ஒருமனதாக நிறைவேறி, 2022 ஆகஸ்ட் 15 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தேவைப்படும் எவருக்கும் இலவசம். எளிதாகக் கிடைக்க வேண்டும், பெறுகிறவரின் கண்ணியம் குலையக்கூடாது, எந்த வகை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பேரவைத் தீர்மானத்தில் இந்த மூன்றையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா 2021-இல் போட்ட சட்டம் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. அங்கே பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை உள்ள இடங்களில் பெண்கள் கழிவறை எல்லாவற்றிலும் வைக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் சமூகக் கல்லூரிகளுக்கும் வந்தபோது, வளாகத்துக்குக் குறைந்தது ஒரு மையமான இடம் என்று சுருங்கிவிட்டது. பெரிய வளாகத்தில் ஓரிடம் என்றால், பத்து நிமிட இடைவேளையில் கறையோடு எவ்வளவு தூரம் ஓடுவது? சட்டம் போட்டவர்கள் நடந்து பார்த்திருக்கலாம்.

வரியை எடுத்தால் போதாதா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கென்யா 2004-லேயே எடுத்தது, இந்தியா 2018-இல் ஜி.எஸ்.டி.யை நீக்கியது, பிரிட்டன் 2021-இல் மதிப்புக்கூட்டு வரியை நீக்கியது. நல்லதுதான். தான்சானியா 2018-இல் நீக்கிவிட்டு, கடையில் விலை இறங்கவில்லை என்று மறு வருடமே திரும்பப் போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தவிர, மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாதவளுக்கு விலையில் சின்னக் குறைவு எந்த மூலைக்கு?

இனி கணக்கு. நிதி அலுவலர் முதலில் கேட்பது அதுதான். 5000 மாணவிகள் இருந்தால், 28-க்கு 5 என்ற விகிதத்தில், எந்த ஒரு நாளிலும் சுமார் 900 பேர் மாதவிடாயில் இருப்பார்கள். அவர்கள் எல்லாரும் வளாகத்துப் பெட்டியிலிருந்து எடுக்கப் போவதில்லை. தேவைப்படும்போது ஒன்றிரண்டு எடுப்பார்கள், பலர் கைவசம் வைத்திருப்பதையே பயன்படுத்துவார்கள். ஊகத்தில் பெரிய எண்ணை எழுதி மிரட்டாமல், நூலகத்திலும் அதிகம் பேர் வரும் ஒரு வகுப்புக் கட்டடத்திலும் நாலு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, அந்த எண்ணோடு போங்கள். முதல் வாரம் பெட்டி மளமளவென்று காலியாகும். பயப்பட வேண்டாம். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்று நினைப்பவர்கள் இரண்டு மூன்று சேர்த்து எடுப்பார்கள். தினமும் இருக்கிறது என்று நம்பிக்கை வந்ததும் தணிந்துவிடும். கழிவறையில் சோப்பு வைக்கிறோம், யாரும் வீட்டுக்கு மூட்டை கட்டுவதில்லையே. அப்படியே ஒருத்தி ஒரு பாக்கெட் அளவுக்கு எடுத்துக்கொண்டு போனாலும், அவளுக்காகத்தானே வைத்தோம்?

செலவை மகளிர் தின நிகழ்ச்சிக் கணக்கிலோ நன்கொடையிலோ போடாதீர்கள். சோப்பு, டிஷ்யூ, கிருமிநாசினி இருக்கும் அதே துப்புரவுத் தலைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். நன்கொடை வருடத்தில் ஒருமுறை வரும், மாதவிடாய் அப்படி வருவதில்லை. நிரப்புகிற வேலை துப்புரவுப் பணியாளர்களிடம்தான் போகும். அது கூடுதல் வேலை என்று ஒப்புக்கொண்டு, நேரமும் கூலியும் ஒதுக்க வேண்டும். “அக்கா பார்த்துக்குவாங்க” என்று விட்ட திட்டங்களைத்தான் ஆறாம் மாதத்தில் காலிப் பெட்டியாகப் பார்த்திருக்கிறேன். அவர்களும் அதே பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியே வையுங்கள்.

நாப்கின் மட்டும் வைத்தும் பயனில்லை. தாழ்ப்பாள் விழாத கதவு, தண்ணீர் வராத குழாய், மூடி போட்ட குப்பைத்தொட்டி இல்லாத அறை என்றால் மாற்றவே வழியில்லாமல் காலை வைத்ததோடு மாலை வரை இருப்பார்கள். தொடை உரசிப் புண்ணாகும், தடிப்பு வரும். டாம்பன் (உள்ளே செருகும் பஞ்சுச் சுருள்) என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கவே கூடாது. அரிதாக வந்தாலும் பாக்டீரியா நச்சால் வரும், உயிருக்கே ஆபத்தான நச்சு அதிர்ச்சி நோய் இருக்கிறது. தேர்வுக் கூடத்துக்கு அருகில் இருக்கும் கழிவறையை மறந்துவிடாதீர்கள். மூன்று மணி நேரம் எழுந்திருக்க முடியாத இடம் தேர்வுக் கூடம் ஒன்றுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறையிலும் எல்லாப் பாலினத்தவருக்குமான பொதுக் கழிவறையிலும் ஒரு பெட்டி வையுங்கள். மாதவிடாய் வருகிற எல்லோரும் “பெண்கள்” என்ற பலகையைப் பார்த்து நுழைபவர்களாக இருக்க மாட்டார்கள்.

மாதவிடாய்க் கோப்பையை (உள்ளே வைத்து ரத்தத்தைச் சேகரித்து, கழுவித் திரும்பப் பயன்படுத்துவது) கொடுத்துவிட்டால் மாதச் செலவே இல்லையே என்று யோசனை வரும். பொருள் நல்ல பொருள்தான். 43 ஆய்வுகளையும் சுமார் 3300 பேரையும் வைத்து 2019-இல் லான்செட் குழும இதழில் வந்த மதிப்பாய்வில், கசிவு மற்றவற்றுக்குச் சமமாகவோ குறைவாகவோதான் இருந்தது. சரியாகப் பராமரித்தால் பத்து வருடம்வரை வரும். ஆனால் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும், கொதிக்கவைக்க இடம் வேண்டும், பத்துப் பேர் பகிரும் குளியலறையில் கழுவுவதற்குத் தனிமை வேண்டும். கருத்தடைச் சாதனம் உள்ளே பொருத்தியிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். விரும்புகிறவர்களுக்குக் கொடுங்கள். “கோப்பை கொடுத்தாயிற்று, இனி பெட்டி எதற்கு” என்று மட்டும் பேச விடாதீர்கள். துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினுக்கும் இதேதான். விடுதியில் வெயிலில் காயப்போட இடமில்லாவிட்டால் அது உதவியாக இருக்காது, தொல்லைதான்.

மாதவிடாய் விடுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, பேரவையில் கேட்பார்கள். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில் மாணவிகளுக்கு வருகைப்பதிவில் ஒரு பருவத்துக்கு 2 சதவீதம் தளர்வு கொடுத்தது. அதே மாதமே கேரள அரசு மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்கியது. எனக்கு அதில் பாதி மகிழ்ச்சி. தளர்வு மாணவியைத் தேர்விலிருந்து விலக்காமல் காப்பாற்றும். தவறிப்போன ஆய்வக வகுப்பைத் திருப்பிக் கொடுக்காது. தவறிய செய்முறையை வேறொரு நாள் செய்ய, காரணம் கேட்காமல் எல்லா மாணவர்களுக்கும் பருவத்துக்கு ஒன்றிரண்டு வாய்ப்பு என்று விதி வைத்தால், எவளும் துறைத் தலைவர் முன்னால் நின்று வயிற்று வலியை விளக்க வேண்டியிருக்காது. காய்ச்சல் வந்த பையனுக்கும் அது உதவும். அதனாலேயே நிறைவேறும் வாய்ப்பும் அதிகம்.

கடைசியாக, “யார் எடுத்தார்கள் என்று தெரியாமல் திட்டம் பயன்படுகிறதா என்று எப்படித் தெரியும்?” என்று தணிக்கையாளர் கேட்பார். நோட்டு திரும்ப மேசைக்கு வருவது இந்தக் கேள்வியின் வழியாகத்தான். பெட்டியில் திங்கட்கிழமை எத்தனை போட்டோம், வெள்ளிக்கிழமை எத்தனை மிச்சம் என்று நிரப்புகிறவர் ஒரு தாளில் எழுதினால் போதும். எங்கள் மையத்தில் அலமாரிப் பூட்டை எடுத்து, நாப்கினைக் கழிவறைக்குள் மாற்றிய பிறகு அந்தத் தாள்தான் இருந்தது. நோட்டில் ஒரு வருடம் நிரம்பாத அளவு, தாளில் இரண்டாவது வாரமே தாண்டிவிட்டது. மறு வருட ஒதுக்கீட்டுக்கு நான் கொண்டுபோனது அந்த ஒரு தாளை மட்டும்தான்.